ஒரு சோடிச் சவுரி

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் விழா மலருக்கு ஒரு நினைவுக் குறிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, இனிமையாக இருக்க வேண்டும், ரீச்சரைப் பற்றி ஒரு வரியாவது வர வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள். கடைசி நிபந்தனையை மட்டும் நிறைவேற்றுகிறேன். மற்ற இரண்டுக்கும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் ஐம்பத்தைந்து ஆகப்போகிறது, இனி யாருக்குப் பயம்.

போன மாதம் நம் பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையை மறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயர்தர வகுப்பில் படிக்கிறவள். தலையின் ஒரு பக்கத்தை ஒட்ட வெட்டி, மறுபக்கத்தைத் தோளில் விட்டு, நுனிக்குச் செம்பு நிறம் பூசியிருந்தாளாம். செய்தி நம் வட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் கைதட்டும் படங்களாக வந்து விழுந்தன. எங்கள் காலத்தில் இப்படி நடந்திருக்குமா என்று நம் வகுப்புத் தலைவி கேட்டார். ரீச்சர் இன்னும் படிப்பித்துக்கொண்டிருந்தால் அவளை நிமிர்த்தியிருப்பார் என்று நம் வகுப்பு டொக்டர் கனடாவில் இருந்துகொண்டு எழுதினார். அதற்குக் கீழே இன்னொருத்தி, 'சவுரியைக் கேளுங்கோ, அவவுக்குத்தான் தெரியும்' என்று எழுதிச் சிரிப்புப் படமும் போட்டாள்.

சவுரி என்பது நான்தான். இத்தனை வருடத்தில் என் சொந்தப் பெயர் உங்களில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். பாசத்தில் கூப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும். கேட்கச் சொன்னாள் அல்லவா, சொல்கிறேன்.

நம் பள்ளிக்கூடத்துச் சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நடு உச்சி பிரித்து, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, அதை மடித்துக் காதுக்குப் பின்னால் பச்சை ரிப்பனால் கட்ட வேண்டும். பின்னலை அவிழ்த்துவிட்டால் என் முடி இடுப்புக்குக் கீழே விழும். பாமன்கடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸில் தினமும் விடிய அம்மா என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இருத்தி, வாயில் ஒரு ரிப்பனைக் கடித்துக்கொண்டு, மற்றதைக் கட்டுவார். அம்மாவின் கையில் வெங்காயமும் நல்லெண்ணெயும் மணக்கும். நான் பாடமாக்க வேண்டிய தேவாரத்தை அந்த நேரத்தில்தான் சொல்லிப் பார்ப்பேன். மறந்துபோனால் பின்னலில் ஒரு இழுப்பு விழும்.

எண்பத்து மூன்றில் ஆடிக் கலவரம் தொடங்கிய அன்று அம்மாதான் என்னைக் கூட்டிப்போகக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கொழும்புக் கோட்டையில் பஸ் மாறி, காலி வீதியால் வெள்ளவத்தைப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். அம்மா தன் பொட்டையும் என் பொட்டையும் எச்சில் தொட்டு அழித்துவிட்டிருந்தார். தாலியை ரவிக்கைக்குள் போட்டிருந்தார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. புகைக்குள் பஸ் மெதுவாகப் போனபோது யன்னலுக்கு வெளியே இருந்து ஒரு கை வந்து என் பின்னலைப் பிடித்தது. "மேகிகெ கொண்டே பலபங்" என்றது ஒரு குரல். இவளின் முடியைப் பார் என்று அர்த்தம். பொட்டில்லாவிட்டால் என்ன, எண்ணெய் வைத்த இரட்டைப் பின்னலும் ரிப்பனும் போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். என் தலை யன்னல் கம்பியில் போய் இடித்தது. சாரதி என்ன நினைத்தாரோ, திடீரென்று வேகமாக எடுத்தார். அந்தக் கை என் பின்னலோடு கொஞ்ச தூரம் ஓடி வந்து விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவன் தெருவில் நின்றான், கையில் என் பச்சை ரிப்பன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு ரிப்பனோடு போயிற்று.

அம்மாவுக்குப் போகவில்லை. அகதி முகாமில் இருந்தபோதும், கப்பலில் வடக்கே எங்கள் ஊருக்குப் போனபோதும், ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்தபோதும் அம்மா என் பின்னலை அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பார், பிறகு கீழே விடுவார். அப்பா அரசாங்கத் திணைக்களத்தில் கிளாக்கர். வேலையை விட முடியாமல் முதலில் அவர் கொழும்புக்குத் திரும்பினார். அடுத்த வருடம் எங்களையும் கூப்பிட்டார். வந்து இறங்கிய கிழமையே அம்மா என்னை வெள்ளவத்தையில் ஒரு சலூனுக்குக் கூட்டிப் போனார்.

சலூன்காரி சிங்களப் பெண், வயதானவர். என் முடியை இரண்டு கையாலும் அள்ளி, "லஸ்ஸன கொண்டயக் நே நோனா" என்று இரண்டு தரம் சொன்னார். அழகான முடி என்று சொல்லிச் சொல்லி அவர் கத்தரிக்கோலை எடுக்கத் தாமதித்தார். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரே சொல் சொன்னார். "கபன்ன." வெட்டுங்கள். காது மடலோடு வெட்டினார். பொப் கட். கழுத்தில் காற்றுப் பட்டது எனக்குப் புதிதாக இருந்தது. வெட்டிய முடி வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு அம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன், அது நாற்காலிக்கடியில் அப்படியே கிடந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா தன் கொண்டையை வெட்டவில்லை. அதே பஸ்ஸில்தான் அவரும் வந்தவர். "கலியாணம் முடிச்சவள் வெட்டக்கூடாது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் அம்மா சொல்லித் தந்திருந்தார். காலைக் கூட்டத்தில் ரீச்சர் என்னைக் கண்ட இடத்திலேயே நின்றார். ஒழுங்கு அவருடைய பொறுப்பு, சைவசமயமும் அவரே படிப்பித்தார். அவருடைய கொண்டை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும்.

"நீர் இங்க வாரும். தலைக்கு என்ன?"

"நெருப்புக் காய்ச்சல் ரீச்சர். முடி கொட்டிப்போச்சு."

"நெருப்புக் காய்ச்சல் கத்தரிக்கோலால வெட்டுமோ?"

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பொய் சொல்லச் சொன்னது யார் என்று கேட்டார். அம்மா என்றேன். ஏன் வெட்டினார் என்று கேட்டார். பஸ்ஸையும் அந்தக் கையையும் ரிப்பனையும் அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சர் என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார்.

"அவங்கள் வீட்டை எரிச்சாங்கள், கடையை எரிச்சாங்கள். மிச்சமிருக்கிறதை நாங்களே வெட்டிக் குடுக்கிறதோ? இந்தப் பள்ளிக்கூடத்தில ஒருத்தியும் ஒளிச்சுப் படிக்கத் தேவையில்லை."

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்டினீர்கள். மறுநாள் அவர் சவுரியோடு வந்தார்.

பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த ஒரு சோடிச் சவுரி. என் முடி நல்ல கறுப்பு, அது மண்ணிறம் கலந்தது. மிகவும் மெல்லிய முடி. எங்கே வாங்கியது என்று நான் யோசிக்கவேயில்லை. காலையில் மணி அடிக்க முன்னர் ஆசிரியர் அறை வாசலில் நான் முழங்காலில் நிற்க வேண்டும். அவர் என் குட்டை முடியை இரண்டு பக்கமும் இழுத்து ரப்பர் போட்டு, அதில் சவுரியை வைத்து ஊசி குத்தி, பின்னி, மடித்து, ரிப்பன் கட்டுவார். பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி முழங்காலில் நிற்க, கழற்றி எடுத்துக்கொள்வார். வீட்டுக்குத் தந்துவிட மாட்டார். அதனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தலையில் புண் வந்தபோது பொடுகு என்று சொன்னேன்.

அந்தத் தவணை முழுக்க உங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. பின்னாலிருந்து சவுரியை இழுத்துவிட்டு முன்னால் பார்ப்பீர்கள். செத்தவளின் முடி, ராத்திரியில் வந்து கேட்பாள் என்று டொக்டர்தான் கதை கட்டியவர். வலைப்பந்து விளையாடும்போது ஒருநாள் ஒரு பக்கச் சவுரி கழன்று விழுந்தது. அதைப் பந்தாக எறிந்து எறிந்து பிடித்தீர்கள். வகுப்புத் தலைவி அவர்களே, நீங்கள் அன்று ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நான் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கித் தூக்கிப் பாய்ந்தேன், ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் மொட்டை ரப்பர்.

ரீச்சர் வந்தார். புழுதியிலிருந்து அதை எடுத்துத் தட்டினார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். ஊத்தை மணக்கிறதோ என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பிரம்பால் என் உள்ளங்கையில் அடித்தார், பொறுப்பில்லாமல் விட்டதற்கு. எறிந்தவர்களுக்கு அடி விழவில்லை. அன்றிலிருந்து ஊசி மட்டும் போதாதென்று கறுப்பு நூலால் என் முடியோடு சேர்த்துத் தைக்கத் தொடங்கினார். பின்னேரம் பிளேட்டால் நூலை அறுப்பார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று மலரில் ஒருவர் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடித்ததை நான் அறிவேன். அணைத்தபோது நான் வகுப்பில் இல்லைப் போலும்.

தவணை முடியும் நேரத்தில் ஒருநாள் மத்தியானம் கதை பரவியது. கோட்டையில் சண்டையாம், மறுபடியும் தொடங்கிவிட்டதாம். உங்களில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் தாய்மார் ஓடி வந்து கூட்டிப் போனார்கள். மணி அடிக்காமலே பள்ளிக்கூடம் கலைந்தது. நான் ஆசிரியர் அறை வாசலில் போய் முழங்காலில் நின்றேன். உள்ளே யாரும் இல்லை. கூட்டுகிற ஆயாதான், "எழும்பு பிள்ளை, எல்லாரும் போயிட்டினம்" என்றார்.

பஸ் தரிப்பிடத்தில் ரீச்சரைக் கண்டேன். பொட்டை அழித்திருந்தார். முந்தானையால் அந்தப் பெரிய கொண்டையை மூடியிருந்தார். என்னைக் கண்டார், என் தலையையும் கண்டார். "ரீச்சர், இது" என்று தொட்டுக் காட்டினேன். பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

நூலை நானே இழுத்து அறுத்திருக்கலாம்தானே என்பீர்கள். அறுந்தால் நாளைக்கு அடி விழும். பன்னிரண்டு வயதில் எனக்குக் காடையர்களைவிட ரீச்சருக்குத்தான் பயம். இரட்டைப் பின்னலும் பச்சை ரிப்பனுமாக, அம்மா எந்தத் தலையோடு போகக்கூடாது என்று வெட்டினாரோ அதே தலையோடு காலி வீதியால் போனேன். யன்னல் பக்கம் இருக்காமல் நடுவில் நின்றேன். யாராவது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால்கூட எனக்கு மூத்திரம் வந்தது.

அம்மா வெள்ளவத்தைத் தரிப்பிடத்தில் நின்றிருந்தார். பஸ்ஸால் இறங்கிய என்னை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஒரு அறை விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்து, பாமன்கடைப் பாலத்தடியில் என்னைச் சுவரோடு சாத்தி, ஒரு பக்கத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மற்றப் பக்கம் அறவில்லை. ஒரே இழுவை. தோலோடு வந்தது. இரண்டையும் சேர்த்துக் கால்வாய்க்குள் எறிந்தார். ஊசிகளின் கனத்துக்கு ஒன்று உடனே அமிழ்ந்தது, மற்றது ரிப்பனோடு கொஞ்ச தூரம் மிதந்து போனது.

வதந்தி பொய். அன்று கொழும்பில் யாரும் யாரையும் தொடவில்லை. இரத்தம் வந்தது என் தலையில் மட்டும்.

மறுநாள் அம்மா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஆசிரியர் அறை வாசலில், நான் முழங்காலில் நிற்கிற அதே இடத்தில் இரண்டு பேரும் கதைத்தார்கள். நான் நடுவில் நின்றேன். ரீச்சர் முதலில் கேட்டது சவுரியை.

"வாய்க்காலுக்குள்ள எறிஞ்சிட்டன்" என்றார் அம்மா.

ரீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அது என்ர தங்கச்சியின்ர தலைமயிர்."

"அப்ப திருப்பி வளருந்தானே."

"வளராது. ஆடியில வீட்டோட போயிட்டாள். அதுக்கு முதல் வெட்டினது அது. அதுதான் மிச்சம்."

அம்மா அழப்போகிறார் என்று நினைத்தேன். "அப்ப உங்களுக்கு விளங்கியிருக்க வேணும் ரீச்சர், நான் ஏன் வெட்டினனான் எண்டு."

"விளங்கினபடியாத்தான் கட்டிவிட்டனான்."

"என்ர பிள்ளை உயிரோட இருக்கிறாள். உங்கட தங்கச்சிக்குக் கட்டுறதெண்டால் வேற தலை தேடுங்கோ."

இவ்வளவு வயதான பிறகு யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒரே நெருப்பில் வெந்தவர்கள். ஒருவர், வெட்டினால் பிள்ளை தப்பும் என்று நம்பினார். மற்றவர், கட்டினால் செத்தவள் தோற்கவில்லை என்று நம்பினார். என்னிடம் இரண்டு பேருமே கேட்கவில்லை. ரீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியாகச் சொன்னது சட்டம்தான். திங்கட்கிழமை இரட்டைப் பின்னலோடு வர வேண்டும், இல்லையென்றால் விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகலாம்.

வேறு பள்ளிக்கூடத்துக்கு எங்கே போவது. கலவரத்துக்குப் பிறகு தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை, கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கிணற்றடியில் பலகையில் இருத்தி, அப்பாவின் சவர அலகை எடுத்து வந்தார்.

அப்பா வாசலில் நின்று, "பொம்பிளைப் பிள்ளையப்பா அவள்" என்றார்.

"ஓம். பொம்பிளைப் பிள்ளைதான். நீங்கள் உள்ளுக்குப் போங்கோ."

ஆறாத புண்ணைச் சுற்றி மழித்தார். சந்தனம் அரைத்துப் பூசினார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ரீச்சர் என் மொட்டையைப் பார்த்தபோது, அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார். "கதிர்காமக் கந்தனுக்கு நேர்த்தி, ரீச்சர்."

நேர்த்தியைத் தடுக்கிறவனின் வீட்டில் விளக்கெரியாது என்று நமக்குப் படிப்பித்தவர் அவர்தான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அம்மா என் மொட்டைக்கும் முருகனுக்கும் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. அது தெரிந்துதான் அம்மா செய்தார். அம்மா வென்றார்.

வெற்றியைக் காப்பாற்ற வேண்டுமே. முடி விரலில் பிடிபடும் அளவு வளர்ந்தால் சவுரி கட்டிவிடுவார்கள் என்று, வளர வளர மழித்தார். பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எடுக்கும் வரைக்கும் நான் மொட்டைதான். பஸ்ஸில் என்னைப் பார்த்து யாரும் தமிழ் என்று சொல்லவில்லை. வருத்தக்காரி, ஏதோ நோய் என்று எழும்பி இடம் தந்தார்கள். நான் பெரியபிள்ளை ஆனபோது சாமத்தியச் சடங்கு செய்யவில்லை, மொட்டைத் தலையில் எங்கே பூ வைப்பது. படம் எடுக்கவாவது ஒரு சவுரி வைத்துக் கட்டலாமே என்று சின்னமாமி கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் சின்னமாமி தேத்தண்ணீர் குடிக்காமலே எழும்பிப் போனார். வகுப்பில் ரீச்சர் சில நாட்களில் பாடத்தை நிறுத்தி, "உங்கட கந்தனுக்கு மொட்டை இன்னும் காணாதாமோ" என்று கேட்பார். நீங்கள் சிரிப்பீர்கள். சவுரி போன பிறகும் பெயர் போகவில்லை.

இதுதான் அந்தச் செம்பு நிறப் பிள்ளையைப் பற்றி நான் சொல்லக்கூடியது. அவள் ஏன் வெட்டினாள் என்று எனக்குத் தெரியாது. வடிவுக்காக வெட்டியிருக்கலாம். அப்படியென்றால் அவள் கொடுத்துவைத்தவள்.

விழாவில் ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தும் செய்தியைச் சொல்லிவர என்னைத்தானே அனுப்பினீர்கள், வெள்ளவத்தையில் இருக்கிறேன் என்பதற்காக. போன கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனேன். யன்னலோரம் கதிரையில் இருந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. எந்த வருடம் படித்தவர் என்று மட்டும் கேட்டார். என் கட்டை முடியைப் பார்த்து, "நீர் வெட்டியிருக்கிறீர். எங்கட காலத்தில விடமாட்டம்" என்றார். பிறகு தன் தலைக்குக் கை கொண்டுபோனார். பராமரிக்க லேசு என்று இல்லத்தில் அவருக்கு ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

"என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை பிள்ளை. பிடிச்சு இருத்திப்போட்டு வெட்டினவையள்." அவருடைய கண் நிறைந்தது. "இந்தத் தலையோட மேடையில எப்பிடி ஏறுறது? ஒரு சவுரி எடுத்துத் தருவீரோ?"

எனக்கு அவரில் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. ஓம் ரீச்சர் என்றேன்.

சந்தைக்குப் பக்கத்துக் கடையில் நேற்று வாங்கிவிட்டேன். மண்ணிறம் கலந்தது, மெல்லிய முடி. ஊசியும் கறுப்பு நூலும் சேர்த்து வாங்கினேன். விழாவன்று காலையில் நானே போய்க் கட்டிவிடுவேன், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கழன்று விழாத மாதிரி தைக்க எனக்குத் தெரியும். ஆனால் விழா முடியும் வரை என்னால் நிற்க முடியாது, எனக்குப் பஸ் இருக்கிறது. கழற்றிவிட உங்களில் யாராவது நில்லுங்கள்.